தரங்கம்பாடி யார் பார்க்க?

வேப்பனப்பள்ளிப் படிப்பகத்திலே ஒரு மாலை வேளை. ஏடு படிக்க வந்தவர்கள் ஏட்டை மடித்து வைத்துவிட்டுக் காரசாரமாக வாதாடிக் கொண்டிருந்தனர். அரசியல் போலும் என்று எட்டிப் பார்த்தோம். அரசியல் அல்ல, சுற்றுலா! பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போவது என்பதுதான் வழக்கு. பெங்களூர் என்றார் ஒருவர். "பக்கத்து வீட்டுக்குப் போறதெல்லாம் டூரா?" என்று மடக்கினார் மற்றவர். ஒகேனக்கல் என்றார் இன்னொருவர். அங்கே மூன்று முறை போயாயிற்றாம். ஓசூர் ஆலையொன்றில் பவுண்டரியிலே வேலை பார்க்கும் தோழர் மெல்லச் சொன்னார்: "கடல் பார்க்கணும் அண்ணே. எம் பொண்ணு பத்தாவது படிக்குது. இன்னும் கடலைக் கண்ணால பார்க்கலை."

வாதம் நின்றது. நாம் சொன்னோம்: தரங்கம்பாடிக்குப் போங்கள்!

"அது எங்கே இருக்கு?"

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. கேட்டவர் மீது குற்றமில்லை. டென்மார்க்கிலே அந்த ஊரை அறிந்தோர் உண்டு. ஜெர்மனியிலே ஹாலே நகரத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் பழக்கம். தமிழ்நாட்டு எல்லையிலே, தமிழ்நாட்டு ஆலையிலே, தமிழ்நாட்டுக்காக வியர்வை சிந்தும் பாட்டாளிக்கு மட்டும் அது தெரியாத ஊர்! ஏன்? அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவும் இல்லை.

சிற்றூர்களுக்குச் சுற்றுலா வகுப்போரின் கணக்கை நாம் அறிவோம். கார் உண்டா? கையிலே காமிரா உண்டா? இரவு தங்க ஆயிரங்கள் உண்டா? உண்டென்றால், வருக வருக! கோட்டை முகப்பிலே நின்று படம் பிடித்துக்கொள்க! கடலைப் பார்த்த அறையிலே காப்பி அருந்துக! இல்லையென்றால்? இல்லாதவனுக்காகத் தாளிலே ஒரு வரி இராது. அவன் பேருந்திலே வருவான், மர நிழலிலே கட்டுச்சோறு அவிழ்ப்பான், மனைவி மக்கள் ஒதுங்க ஓர் இடம் தேடி அலைவான், அலுத்துத் திரும்புவான். "கூட்டம் வந்து குப்பை போட்டுவிட்டுப் போயிற்று" என்று மறுநாள் சலித்துக்கொள்வார்கள், குப்பைத் தொட்டி வைக்க மறந்தவர்கள்!

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடு என்கிறோம். ஓசூர்த் தொழிலாளியின் ஒரு நாள் விடுப்பை அளவுகோலாக வைத்துத் தரங்கம்பாடிக்குத் திட்டம் தீட்டு என்கிறோம்.

முடியாத காரியமா? பாருங்கள். மைசூரிலிருந்து மாலையிலே கிளம்பும் ரயில் பெங்களூரைத் தாண்டி இரவிலே ஓசூருக்கு வருகிறது. தருமபுரி, சேலம், கரூர், திருச்சி, தஞ்சை, குடந்தை என்று தமிழகத்தின் குறுக்கே ஓடி விடியலிலே மயிலாடுதுறையைத் தொடுகிறது. அன்று மாலையே திரும்பும் வண்டி. இடையிலே ஏறத்தாழ 10 மணி நேரம். தங்கும் விடுதிச் செலவு கிடையாது, தூக்கம் ரயிலிலே. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர்.

அந்த 30 கிலோமீட்டருக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது, தோழர்களே! 1926இல் போட்ட கிளைப் பாதையை 1986இல் மூடினார்கள். இலாபமில்லை என்பது காரணம். கிருஷ்ணகிரியோ மாவட்டத் தலைநகராகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ரயில் நிலையம் இல்லாத ஊர். மூடிய பாதையின் அருமை நமக்குத் தெரியும், விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் திரும்பும் நாள் வரட்டும். அதுவரை, விடுமுறை நாட்களில் காலை வண்டியின் வரவுக்கும் மாலை வண்டியின் புறப்பாட்டுக்கும் இணைந்தாற்போல், மயிலாடுதுறை நிலைய வாயிலிலே அரசுப் பேருந்து ஒன்று நின்றால் போதும். ஒரு பேருந்து! கோடிகள் கேட்கவில்லை நாம்.

சரி, போய் எதைப் பார்ப்பது?

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானின் கப்பல்களோடு ஓவ் கெட்டே என்னும் தளபதி வந்தது 1620இல். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு எழுப்பியதே டேன்ஸ்போர்க் கோட்டை. மன்னருக்கு நாயக்கர் அனுப்பிய மடல் பொன் தகட்டிலே எழுதப்பட்டது. இன்றும் கோபன்ஹேகனிலே காக்கிறார்கள். மடலின் மொழி தமிழ், கையொப்பம் தெலுங்கு! வீட்டிலே தெலுங்கும் தெருவிலே தமிழும் சந்தையிலே கன்னடமும் பேசும் வேப்பனப்பள்ளித் தோழனுக்கு அந்தப் பொன் தகடு அயல் பொருளா? அவன் வீட்டுத் திண்ணைப் பேச்சல்லவா அது!

வணிகம் நொடித்தது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை விற்றார்கள், ஊரோடு மக்களையும் விற்றார்கள். விலைச் சீட்டிலே மீனவனின் சம்மதத்தைக் கேட்ட வரி ஏதும் உண்டா? கோட்டையைக் காட்டும் வழிகாட்டி இதையும் சொல்லட்டும். வெள்ளைச் சுவரின் அழகை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டாம்.

கோட்டையைவிட நம் தொழிலாளி காண வேண்டியது வேறொன்று உண்டு. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்க் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அங்கே கரையேறினார். அவர் மதம் பரப்ப வந்தவர். அதிலே நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. வந்தவர் தமிழ் கற்றார். நூறுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து 1708இல் அவற்றுக்குப் பட்டியலும் எழுதினார். உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதே கோட்டையிலே நான்கு மாதம் சிறை வைத்தான்! தன் நாட்டு மன்னன் அனுப்பிய ஆளையே பூட்டி வைத்த கோட்டை அது.

பின்னர் அச்சுப்பொறி வந்தது. 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. எழுத்தோ பெரிது, தாளோ அரிது. பெரிய எழுத்திலே அடித்தால் தாள் தீர்ந்துவிடும். என்ன செய்தார்கள்? தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கி வார்த்ததாக அச்சு வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தாள் செய்யவும் பக்கத்துப் பொறையாற்றிலே ஒரு பட்டறை கண்டார்கள். கடுதாசிப் பட்டறை என்ற பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது.

இந்தியாவின் முதல் அச்சகம் இதுவே என்று அங்கே சிலர் அளந்துவிடுவார்கள். நம்பாதீர்! தமிழ் அச்சேறியது அதற்கும் முன்பே, கொல்லத்திலே, 1578இல். உண்மையே போதுமான அளவுக்குப் பெரிதாயிருக்கும்போது, அதன் தலையிலே பொய்த் தொப்பி எதற்கு?

இனி நாம் கேட்பது இது. ஈயம் உருக்கி எழுத்து வார்த்தவன் யார்? அச்சுக் கோத்தவன் யார்? தாள் காய வைத்தவன் யார்? பாதிரியாருக்கு ஊரிலே சிலை இருக்கிறது, இருக்கட்டும். உலைக்கு அருகே நின்ற கைகளுக்கு ஒரு பலகைகூட வேண்டாமா? அந்தக் கதையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆங்கிலச் சீட்டு ஒட்டி வைத்தால், நம் பவுண்டரித் தோழர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். உருகிய உலோகம் அச்சிலே எப்படி ஓடும், எங்கே குமிழி விழும், எப்போது தட்டினால் எழுத்து உடையும், எல்லாம் அவருக்குத் தெரியும்! அவருக்குத் தமிழிலே, தொழிலின் மொழியிலே சொல்லிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் நகரமாட்டார். பேராசிரியர் கேட்காத கேள்வியை அவர் கேட்பார்.

ஆகவே வழிகாட்டிகள் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். மீனவர் தெருவிலே படித்துவிட்டு வேலைக்கு ஏங்கும் இளைஞர்களும் பெண்களும் இல்லையா? அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், சீருடை கொடுங்கள், கூலியை நிர்ணயித்துக் கொடுங்கள். 1792இல் எழுந்த நகர வாயில் தொடங்கி, இராஜ வீதி வழியே 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம், பிறகு கோட்டை என்று காலாற நடந்தே பார்த்துவிடலாம். ஊர் அவ்வளவு சிறிது. வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். இராஜ வீதியிலே நாற்பது கார் நின்றால் அங்கே கார்தான் தெரியும், வீதி தெரியாது.

கடலோரத்திலே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. அலை அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது. கோயிலுக்குப் போகாதவரும் அங்கே போய் நிற்கலாம். கடல் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. இன்னொரு பாடம் 2004 டிசம்பர் 26. தரங்கம்பாடியும் அடங்கியிருந்த அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அந்தக் கரையிலே நின்று கூச்சலிட்டுக் கும்மாளம் போடுமுன், அங்கே வலை பின்னிக்கொண்டிருப்பவர் யாரைப் பறிகொடுத்தவரோ என்று ஒரு கணம் எண்ண வேண்டும். இது நம் தோழர்களுக்கு.

அவர்களுக்கே இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஏரியும் கிணறும் நீந்திப் பழகியவர்கள் நாம், கடல் பழகியவர்கள் அல்லர். ஒகேனக்கல் தைரியத்தைத் தரங்கம்பாடியிலே காட்டாதீர்! காலை நனைக்கலாம், கழுத்தளவு போகலாகாது. குடித்துவிட்டு இறங்குபவனைத் தோள்பட்டையைப் பிடித்து இழுத்து வாருங்கள். நிர்வாகமும் வாளாவிருக்கலாகாது. விடுமுறை நாளிலே கரையிலே காவலர், கயிறு, மிதவை, தமிழிலே எச்சரிக்கைப் பலகை வேண்டும். மீனவ இளைஞரைவிடச் சிறந்த காவலர் எங்கே கிடைப்பர்? அதற்கும் கூலி கொடுங்கள்.

சுற்றுலா வளரட்டும் என்று கைதட்டுமுன் மீனவர் பக்கம் நின்றும் ஒரு சொல். கடற்கரை அழகாக வேண்டும் என்று சொல்லிப் படகு நிறுத்தும் இடத்தைச் சுருக்காதே! கருவாடு காயும் மணல் அவர்களுக்குப் பட்டறை. ஆலைக்குள்ளே ஊர்வலம் விட்டு எந்திரத்தை ஓரம் தள்ளச் சொன்னால் ஓசூர்த் தொழிலாளி ஒப்புவானா? வருகிறவனும் உழைப்பாளி, அங்கே இருக்கிறவனும் உழைப்பாளி. பகல் உணவை மீனவப் பெண்கள் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நாற்பது பேருக்குச் சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் கிடைக்கும். காசும் ஊரிலேயே தங்கும்.

நேரமிருந்தால் வடக்கே பூம்புகார். 1973இல் கலைஞர் ஆட்சியில் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் 10 மணி நேரத்திலே இரண்டையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, தரங்கம்பாடியை நின்று பார்ப்பதே மேல் என்பது நம் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தனியே ஒரு பயணம் தகும்.

காலம்? ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். புயலும் மழையும் புறப்படும் பருவம். மாங்காய் இறங்கும் நாளிலே நம் பக்கத்து விவசாயத் தோழருக்கு மூச்சுவிட நேரமில்லை. எனவே தை மாதம். ஆலை விடுமுறையும் கூடி வரும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். நாற்பது பேர் சேர்ந்தால் செலவு குறையும். மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் என்று படிப்பகத்திலேயே சீட்டுப் போல் சேர்த்து வைக்கலாம் என்றோம். வேப்பனப்பள்ளித் தோழர்கள் அன்றைக்கே ஒரு பழைய கணக்கு நோட்டைப் பிரித்தார்கள். முதல் பெயரைப் பவுண்டரித் தோழர் எழுதவில்லை. மகளுடைய பெயரை எழுதினார், அதன் கீழே தன் பெயரை.

நாற்பது பேர் வருகிறார்கள். மயிலாடுதுறை நிலைய வாயிலிலே அந்தக் காலையில் ஒரு பேருந்து நிற்குமா? பெண்கள் ஒதுங்கக் கதவும் தண்ணீரும் உள்ள இடம் கோட்டையருகே இருக்குமா? பொங்கல் விடுமுறையன்று அருங்காட்சியகம் பூட்டிக் கிடக்குமா, திறந்திருக்குமா? மாவட்ட நிர்வாகத்தையும் சுற்றுலாத் துறையையும் கேட்கிறோம். பதிலை நம் ஏட்டுக்கு எழுத வேண்டாம். நிலையத்து அறிவிப்புப் பலகையிலே எழுதுங்கள்.