குந்துவது விளையாட்டா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர் அவர். சி.டி.எச். சாலையில் பைக் சறுக்கி இடது முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம். மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் முழங்கால் நிலையை நோயாளியே மதிப்பிடும் கூஸ் (KOOS) படிவத்தைக் கொடுத்திருந்தோம். பாதியில் நிமிர்ந்து பார்த்தார்.

“கார்ல ஏறி இறங்க கஷ்டமான்னு கேட்டிருக்கு சார். நான் கார்லயே போறதில்ல, என்ன போடட்டும்?” கொஞ்சம் பொறுத்து, “சிக்னல்ல வண்டிய நிறுத்தி இடது கால ஊனுனா முட்டி நழுவுற மாதிரி இருக்கு. அது இதுல எங்க சார் வருது?” என்றார்.

எங்கும் வரவில்லை.

1998-இல் ஈவா ரூஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கூஸ் நல்ல கருவி. 42 கேள்விகள், ஐந்து பிரிவுகள். அதன் நம்பகத்தன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் குந்துவதும் மண்டியிடுவதும் எந்தப் பிரிவில் இருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். ஓடுவது, குதிப்பது ஆகியவற்றோடு ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. ஆவடியில் வாடகை வீட்டில் இந்தியன் டாய்லெட்டை நம்பியிருப்பவருக்கும், பூந்தமல்லியில் தரையில் உட்கார்ந்து காய்கறி விற்கும் பெண்ணுக்கும் குந்துவது அன்றாடப் பிழைப்பு. முழுதாகக் குந்த முழங்கால் 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். நாமோ 120 வந்ததுமே ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிவிடுகிறோம்.

2010-இல் ஸ்வீடனிலிருந்து வெளியான கேனான் (KANON) ஆய்வை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 18 முதல் 35 வயது வரையிலான, ஏ.சி.எல். அறுந்த 121 பேர். உடனே அறுவை செய்தவர்களுக்கும், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று போனவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. அறுவைக்கு அவசரப்படும் நம் கையைப் பிடித்து நிறுத்திய ஆய்வு அது. அங்கே முதன்மை அளவீடாக எடுத்துக்கொண்டது கூஸின் நான்கு பிரிவுகளின் சராசரியை. விட்டுவிட்ட ஐந்தாவது, அன்றாட வாழ்க்கை. இளைஞர்களுக்கு அதில் பெரிய சிரமம் இராது என்பது காரணம். ஸ்வீடனில் அது சரி. இங்கே அன்றாட வாழ்க்கைதான் முதல் கேள்வி.

காலக்கணக்கிலும் இதே கதைதான். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதியளவு குறைக்கிறது என்று 2016-இல் டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு காட்டியது. மைதானத்துக்கு ஒன்பது மாதம் சரி, எட்டு மணி நேரம் நின்று லேத் ஓட்ட எத்தனை மாதம்? நம் கோப்புகளில் விடை இல்லை. இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம். தொண்ணூற்றிரண்டாம் நாள் தொழிலாளி ‘ஃபிட்னஸ்’ கேட்டு நம் முன்னால் நிற்கிறார். கால் தேறியிருக்கிறதோ இல்லையோ, வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்து, பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால் அது பணிக்காயம். அப்போது கூலியில் 90 சதவீதம், தற்காலிக இயலாமை நீடிக்கும்வரை கிடைக்கும். முதல் நாள் கேஸ் ஷீட்டில் நாம் ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து) என்று மூன்றெழுத்து எழுதிவிட்டு எம்.ஆர்.ஐ. பார்க்கப் போய்விடுகிறோம். எந்த ஷிஃப்டு, எங்கிருந்து எங்கே போனார், எத்தனை மணிக்கு? இவற்றைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் நோயாளி பின்னாளில் அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூஸைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. சரிபார்த்த கருவியின் மதிப்பெண்ணில் நம் கேள்விகளைக் கலந்தால் இரண்டும் கெடும். தனித் தாளில் கேட்போம்: குந்தி எழ முடிகிறதா, சம்மணம் போட முடிகிறதா, வண்டியை நிறுத்திக் கால் ஊன்ற முடிகிறதா, பழைய வேலைக்கே திரும்பினாரா, லைட் டியூட்டியா, வேலையை விட்டுவிட்டாரா? மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் கேட்போம். வர முடியாதவரைப் போனில் பிடிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். நோயாளியின் மாடிப்படியையும் கழிப்பறையையும் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் குறிப்புகள் நம் ஆய்வுக்குள் வர வேண்டும்.

அடுத்த இதழ் முதல், முழங்கால் அறுவை பற்றி வரும் கட்டுரைகளில் நோயாளியின் தொழிலும் வேலைக்குத் திரும்பிய நாளும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் கேட்டு எழுதுவோம்.