அரட்டை என்றொரு பழிச்சொல்

இலக்கியம் பேசக் கூடியவர்கள் இட்டிலியைப் பற்றிப் பேசலாகாது என்றொரு எழுதப்படாத சட்டம் தமிழ்ச் சூழலில் நெடுங்காலமாக அமலில் இருக்கிறது. நாங்கள் அதை எழுதியே வைத்தோம். எங்கள் மடற்குழுவின் விதிகளில் ஏழாவது அது: நலம் விசாரிப்பு, ஊர்ச்செய்தி, மழை, வெயில், சமையல் எல்லாம் தனிமடலில், பொதுவில் இலக்கியம் மட்டும். விதியைக் கொண்டுவந்தவர் தீயவர் அல்லர். ஒரு நல்ல கட்டுரைக்குக் கீழே நாற்பது பேர் கும்மியடித்து, கட்டுரை என்ன சொன்னது என்பதே எல்லோருக்கும் மறந்துபோன நாட்கள் உண்டு. மட்டுறுத்துநர் சலித்துப்போனார். வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் கை தூக்கினோம். இதை எழுதுகிற நாங்களும்தான்.

அந்த விதியை நீக்க வேண்டும் என்று இப்போது கேட்கிறோம். கேட்டவுடன் மூத்த அன்பர் ஒருவரிடமிருந்து நீண்ட மறுப்பு வந்திருக்கிறது. அதற்கான பதிலைக் குழுவுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இங்கே எழுதக் காரணம், அவருடைய கருத்து அவர் ஒருவருடையது அன்று என்பதே. சிற்றிதழ் வாசித்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் உள்ளூர அப்படித்தான் நினைக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தீர்த்தமலைக்கு அருகில் ஒரு சிற்றூரிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஒருவர் காலைதோறும் எங்களுக்கு இரண்டு வரி எழுதிவந்தார். மின்சாரம் போயிற்று, வந்துவிட்டது. புளி இந்த வருஷம் காய்க்கவில்லை. அரூர்ப் பேருந்தில் இடம் கிடைத்தது. மலைப்படியில் குரங்கொன்று மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது, வாழைப்பழம் கொடுத்து மீட்டோம். இலக்கியக் கருத்து என்று அவர் சொன்னவை, எங்கள் நினைவில் இரண்டோ மூன்றோதான். 'இது அதியமான் நாடு, ஒருமுறை எல்லோரும் வாருங்கள், ராமர் தீர்த்தத்தில் நனையலாம்' என்று மட்டும் ஆண்டுக்கு இருமுறையாவது அழைப்பார். நாங்களும் வருகிறோம், வருகிறோம் என்போம்.

விதி வந்தது, இரண்டு வரிகளும் நின்றன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாவலைப் பற்றிய விவாதத்தில் ஒரே ஒரு முறை ஏதோ எழுதினார், அதுவும் கூச்சத்துடன். பிறகு அதுவுமில்லை. படித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம், அல்லது நினைக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்து, இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பி அனுப்ப முகவரி கேட்டு எங்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது மகன் எடுத்தார். அப்பா காலமாகி மூன்று மாதமாயிற்று என்றார். எங்கள் விதி செவ்வனே வேலை செய்திருக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் குழுவுக்கு ஒரு வெட்டிமடல்கூட வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டும் அன்பர் எழுதுகிறார்: உண்மையான நட்புக்கு அன்றாடப் பேச்சு தேவையில்லை, உணர்ச்சி ஒன்றாக இருந்தால் போதும், பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நலம் விசாரித்துக்கொண்டா நட்பு வளர்த்தார்கள்?

முகம் காணாத நட்பைப் பற்றி இணையத்தில் எழுதும் எவரும் பிசிராந்தையாரை அழைக்காமல் விடுவதில்லை. பாவம், இருபத்தைந்து ஆண்டுகளாக அவருக்கு ஓய்வில்லை. பாண்டி நாட்டுப் புலவர், உறையூர்ச் சோழன், ஒருவரையொருவர் கண்டதில்லை, அரசன் வடக்கிருந்தபோது அவர் வருவார் என்று நம்பி அவருக்கு இடம் விட்டு வைக்கச் சொன்னான், அவரும் வந்தார். குறளின் நட்பதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகரும் இவர்களைத்தான் எடுத்துக்காட்டுகிறார். மறுப்பில்லை. ஆனால் அதே புறநானூற்றில், அதே நிகழ்ச்சியை நேரில் கண்ட பொத்தியார் என்ன சொல்கிறார் என்பதை அன்பர் பார்த்திருக்கலாம். வியக்கிறார். இப்படியும் நடக்குமா என்று மலைத்துப்போகிறார். அரிதாக நடந்தது என்பதனால்தான் அது பாட்டாயிற்று. அரிதை எடுத்து விதியாக்கி, பேசாமலே இருங்கள், பிசிராந்தையார் இருந்தார் பாருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வது நியாயமில்லை. நாங்கள் பிசிராந்தையார்கள் அல்லர். இரண்டு வரி வராவிட்டால் ஆளையே மறந்துவிடுகிறவர்கள். மேலே சொன்ன கதை அதற்குச் சான்று.

எங்கள் நண்பர் சரியான இடத்தைத்தான் சுட்டிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் கவனிக்கவில்லை. அதியமான் நாடு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. தமிழில் நட்பென்றால் என்னவென்று அறிய உறையூருக்குப் போக வேண்டியதில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியவற்றைப் படித்தால் போதும். நெல்லிக்கனியை எல்லோரும் அறிவோம், பாடப்புத்தகம் அதை நமக்கு ஊட்டிவிட்டது. மற்றவற்றை அத்தனை பேர் அறியோம்.

புறநானூற்றின் 92ஆம் பாட்டில் ஔவை தம் சொற்களைக் குழந்தையின் மழலைக்கு ஒப்பிடுகிறார். அது யாழிசைக்கு இணையாகாது, தாளத்துக்கு அடங்காது, பொருளும் விளங்காது. ஆனால் தந்தைக்கு அதைக் கேட்டு அருள் சுரக்கும். தன் பேச்சையும் அஞ்சி அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறான் என்கிறார். அன்பர் இதை நிதானமாக இன்னொரு முறை படிக்க வேண்டும். தமிழின் மிகப் பெரிய புலவர்களுள் ஒருவர், பொருளற்ற பேச்சையும் ஏற்றுக்கொள்கிற ஒருவன் தமக்கு வாய்த்திருக்கிறான் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். எங்கள் ஏழாம் விதிப்படி அந்தப் பேச்சு தனிமடலுக்குப் போயிருக்கும்.

101ஆம் பாட்டு இன்னும் எளிய செய்தி: மறுபடியும் மறுபடியும் போனாலும் முதல் நாள் போலவே வரவேற்கிறான். 206இல் சண்டை. பரிசில் தரத் தாமதித்தான் என்று வாயிற்காவலனிடம் சீறிவிட்டு, பிழைக்க வேறு இடமா இல்லை என்ற தோரணையில் மூட்டையைக் கட்டுகிறார். 99இல் போகிற போக்கில் ஒரு இலக்கிய வம்பும் இருக்கிறது. கோவலூர் வெற்றியைப் பரணரும் பாடிவிட்டார் என்கிறார். பிறகு அவன் இறந்தபோது பாடிய 235ஆம் பாட்டு. தகடூரை ஆண்டவன், போர்க்களத்தில் மாண்டவன். அவனுக்கான கையறுநிலையில் முதலில் வருவது என்ன? கள். கொஞ்சமாகக் கிடைத்தால் எப்படிக் குடித்தோம், நிறையக் கிடைத்தால் எப்படிக் குடித்தோம், சோற்றை எப்படிப் பகிர்ந்தோம், புலால் நாறும் தம் தலையை நறுமணக் கையால் அவன் எப்படித் தடவிக்கொடுத்தான் என்பவை. வேல் மார்பில் தைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். இட்டிலி பேசாதே என்கிறவர்கள் இந்தப் பாட்டிலிருந்து கள்ளையும் சோற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு துக்கம் தேறுகிறது என்று பார்க்கட்டும்.

அஞ்சியின் பெயர் கல்லிலும் இருக்கிறது. தீர்த்தமலையை அடுத்த அனுமந்த தீர்த்தத்தைக் கடந்து ஓடும் தென்பெண்ணை, சாத்தனூர் வழியாகத் திருக்கோவலூருக்குப் போகிறது. அவ்வூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திர அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகையிடத்தைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. அசோகன் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அது விடை தந்தது. வரலாற்றுக்கு அது விலைமதிப்பற்ற வரி. ஆனால் அந்தக் கல்லிலிருந்து அஞ்சி எப்படிப்பட்டவன், அவனோடு உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. தகடூர்ப் போரையே பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் சில பாட்டுகள் எஞ்சின, அவ்வளவே. கள் குடித்த கதை முழுசாக வந்துசேர்ந்திருக்கிறது. இது தற்செயல்தான், வாதமாக அடுக்க மாட்டோம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழங்கதை வேண்டாம் என்றால் நம் காலத்துக்கு வருவோம். தமிழர்கள் இணையத்தில் கூடத் தொடங்கியபோது தம் இடங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 1999இல் தொடங்கிய இணைய இதழ் திண்ணை. யாஹூவில் இயங்கிய குழுமங்களில் ஒன்று மரத்தடி, மற்றொன்று ராயர் காபி கிளப். சங்கம், அவை, மன்றம் என்று கம்பீரமான சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவர்கள் தேர்ந்தெடுத்தவையோ ஊரில் வேலையற்றவர்கள் உட்கார்ந்து பேசும் இடங்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தையும் பாருங்கள். பல நாடுகளில் சிதறிக்கிடந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் மின்மடலில் மட்டுமே அறிமுகமானவர்கள், ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். தமிழ்ப்பற்று முதல் பக்கத்துக்குப் போதும். முந்நூறாம் பக்கத்தில் கண் எரியும்போது மனிதனை உட்கார வைப்பது, மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார், அவர் பெண்ணுக்குச் சென்ற வாரம் காய்ச்சல், அவரே தன் பங்கை முடித்துவிட்டார் என்கிற எண்ணமாகத்தான் இருக்க முடியும் என்பது எங்கள் துணிபு.

யாஹூ குழுமங்களில் புதிதாகப் பதிவேற்றுவது 2019 அக்டோபரில் நின்றது. 2020 டிசம்பர் 15 அன்று அவை முற்றிலும் மூடப்பட்டன. கதையும் கட்டுரையும் எழுதியவர்கள் தங்கள் படைப்புகளை முன்னமே வலைப்பதிவுக்கும் புத்தகத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோக ஆளில்லாமல் கிடந்தது இடைப்பட்ட பேச்சுத்தான். எங்கள் பழைய மடல்களைச் சேமிக்க வந்த நண்பரிடம் 'அரட்டையை விட்டுவிடுங்கள், இடம் அடைக்கும்' என்று சொன்னவர்களும் நாங்களே. தீர்த்தமலை நண்பரின் காலை வரிகளில் எங்களிடம் இப்போது இருப்பவை, ஒருவர் தம் அஞ்சல்பெட்டியில் அழிக்காமல் விட்டதனால் தப்பிய பதினேழு.

இதே நாம், எழுத்தாளர்கள் இறந்த பிறகு அவர்களுடைய கடிதங்களுக்கு அலைகிறோம். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி தம் ஊர்த்தோழர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருப்பதைப் பொக்கிஷம் என்கிறோம். சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' நூல்களில், ஜி. நாகராஜனும் கிருஷ்ணன் நம்பியும் எப்படிப் பேசினார்கள், எப்படி வந்துபோனார்கள் என்று படித்து நெகிழ்கிறோம். டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் ஒரு மாலையாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறோம். இறந்தவர்கள் பேசினால் இலக்கிய வரலாறு, உயிரோடிருப்பவர்கள் பேசினால் மொக்கை. என்ன அளவுகோல் இது?

அரட்டைக்குக் கேடுகள் உண்டென்பதை மறைக்கப்போவதில்லை. வேண்டியவர் கதையைப் புகழ்வது, புதிதாக வந்தவரை ஆறு பேர் சேர்ந்து கிண்டலடித்து ஓட்டுவது, இல்லாதவரைப் பற்றிப் புறம் பேசுவது. எல்லாம் நடந்திருக்கிறது, எங்களிடமும் நடந்தது. ஆனால் அன்பர் இவை அரட்டையால் விளைந்தவை என்கிறார். விதி வந்த பிறகு இவற்றில் எது குறைந்தது? எங்கள் கணக்கில், சண்டை கூடியிருக்கிறது. முன்பு ஒருவர் கதையைக் குப்பை என்று சொன்னாலும் மறுநாள் அவரே 'அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்ததா?' என்று கேட்பார். கதை எழுதியவரும் பதில் சொல்வார், ஒரு வாரம் கழித்துக் கதையைத் திருத்துவார். இப்போது குப்பை என்ற சொல் மட்டும் தனியே நிற்கிறது. ஔவையால் அஞ்சியின் வாசலில் நின்று அத்தனை கோபத்துடன் பேச முடிந்தது. உரிமை இருந்தது. அந்த உரிமை நெல்லிக்கனி ஒன்றினால் வந்ததென்று நாங்கள் நம்பவில்லை.

சென்ற மாசியில் எட்டுப் பேர் தீர்த்தமலை ஏறினோம். மூவரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம். அழைத்தவர் இல்லாமல் போன வீட்டுக்கு விருந்து வந்தது போல இருந்தது. அருணகிரியார் பாடிய தலம், ராமன் அம்பெய்து வரவழைத்த தீர்த்தம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே ஏற எண்ணியிருந்தோம். மூட்டுவலி, சர்க்கரை மாத்திரை, அரூரில் சாப்பிட்ட தோசை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றைத்தான் மேலே போய்ச் சேரும் வரைக்கும் பேசினோம். ராமர் தீர்த்தம் பாறைப் பிளவிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன குரங்குகளும் இருந்தன. எங்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்பர் தம் மடலின் முடிவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார், கேலியாகத்தான்: எங்கள் ஊரில் இன்று மழை என்று ஒருவர் எழுதினால், அதற்கு ஒரு வாசகன் என்னதான் பதில் எழுத முடியும்?

இங்கே இல்லை என்று எழுதலாம்.