படி ஏறும்போது இதயம் என்ன சொல்கிறது?

"டாக்டர், ஈ.சி.ஜி. நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா நம்ம குன்றத்தூர் முருகன் கோயில் படி ஏறினா நெஞ்சை அடைக்குது. மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு.

சித்த வைத்தியனான நான் சொல்வது இதுதான்: கஷாயம் அப்புறம். முதலில் இதயத்தை வேலை வாங்கிப் பாருங்கள்.

உட்கார வைத்து நாடி பார்த்தாலும் சரி, படுக்க வைத்து ஈ.சி.ஜி., எக்கோ எடுத்தாலும் சரி, தெரிவது ஓய்வில் இருக்கும் இதயம்தான். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் ஓய்வில் வருகிற ரத்தம் போதுமானதாக இருக்கலாம். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் 'ஸ்ட்ரெஸ் எக்கோ'. முதலில் ஓய்வில் எக்கோ. பிறகு டிரெட்மில்லில் நடை. பெரும்பாலும் 3 நிமிடத்துக்கு ஒரு தரம் வேகமும் ஏற்றமும் கூடும். இறங்கியதும் ஒன்றரை நிமிடத்துக்குள் மறுபடி எக்கோ. ரத்தம் போதாத இடத்தில் இதயச் சுவர் சரியாகச் சுருங்காதது திரையில் தெரியும். மூட்டுவலிக்காரர்களுக்கு நடையே வேண்டாம். டோபுடமின் மருந்தை நரம்பில் ஏற்றித் துடிப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

டிரெட்மில் ஈ.சி.ஜி. மட்டும் எடுத்தால், குறிப்பாகப் பெண்களுக்கு, இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டிவிடுவதுண்டு. எக்கோவும் சேர்ந்தால் தெளிவு கூடும்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டினால் டெஸ்ட்டுக்கு நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோயாளியை உரிய இடத்துக்கு, உரிய நேரத்தில் அனுப்பி வைப்பதும் வைத்தியம்தான்!