நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே ஒரு குன்று

பாலராமபுரம் சந்திப்பில் காலையில் தேநீருக்கு நின்றால், களியக்காவிளை பக்கமிருந்து வரும் டாரஸ் லாரிகள்தான் முதலில் கண்ணில் படும். எம்-சாண்ட் ஏற்றிய லாரி சாலையில் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். பாறைக்கல் ஏற்றியது கடந்தால் கடையின் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுக்கும். சில நேரே திருவனந்தபுரம் போகின்றன. சில விழிஞ்ஞம் சாலையில் திரும்புகின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குன்றின் துண்டு இருக்கிறது. அது எந்தக் குன்று என்று முதலீட்டாளருக்கோ ஊராருக்கோ சொல்லும் கட்டாயம், அந்தக் கல்லை வாங்கும் பெருநிறுவனத்துக்கு இல்லை.

பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி ஒரு பொறுப்புடைமை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் அதில் கட்டாயக் கேள்விகள் உண்டு. சூழல் நுண்ணுணர்வுப் பகுதிகளில் உயிரினப் பன்மைக்கு உங்களால் என்ன பாதிப்பு, அதற்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்வியை மட்டும் விருப்பமிருந்தால் பதில் சொல்லும் பகுதியில் வைத்தார்கள். 2023 ஜூலையில் வெளியார் சரிபார்க்க வேண்டிய ஒன்பது அம்சங்களைப் பொறுக்கியெடுத்தபோதும் உயிரினப் பன்மை அதில் சேரவில்லை. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற உயிரினப் பன்மை ஒப்பந்தத்தின் 15-வது இலக்கு, பெருநிறுவனங்கள் தம் வழங்குநர் வரை சென்று பாதிப்பை அளந்து வெளியிட வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதை ஏற்றது.

என்னை எழுத வைத்தது 2025 மார்ச்சில் செபி விட்ட சுற்றறிக்கை. முதல் 250 நிறுவனங்கள் தமக்குப் பொருள் தருவோரைப் பற்றியும் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் காரணம் சொல்ல வேண்டும் என்றிருந்த விதியை, விருப்பமிருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அதிலும் மொத்தக் கொள்முதலில் தனித்தனியே 2 சதவீதமாவது தருபவர்தான் கணக்கில் வருவார்.

இந்த 2 சதவீதத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு 2 சதவீதம் என்றால் எவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் 50 வழங்குநருக்கு மேல் இந்தச் சல்லடையில் நிற்க முடியாது. ஒரு துறைமுகம் பல நூறு கோடிக்குக் கிரேன் வாங்கும். கல்லையோ ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று பத்து கை மாற்றி வாங்கும். கிரேன் விற்றவர் பட்டியலில் வருவார், குன்றை உடைத்தவர் வரமாட்டார். எங்கள் சாலியர் தெருவில் குழித்தறி முன் உட்கார்ந்திருப்பவரிடம், நூறு இழைக்கு இரண்டு இழை அறுந்தால் பரவாயில்லை என்று சொல்லிப் பாருங்கள். ஒரு இழை அறுந்தாலே தறியை நிறுத்தி, முனை தேடி, முடிச்சிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுவார். இந்த ஊர்த் துணிக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த சிறப்பே, அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்கும் என்பதுதான். நிறுவன அறிக்கைக்கு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. வளாகத்துக்குள் நட்ட மரக்கன்றின் எண்ணிக்கை அங்கே இருக்கும். வளாகத்தைக் கட்ட எங்கோ காணாமல் போன குன்று இருக்காது.

விழிஞ்ஞம் துறைமுகத்தின் முதற்கட்ட அலைத்தடுப்புச் சுவர் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். சுமார் 20 மீட்டர் ஆழக் கடலில் கல்லைக் கொட்டி எழுப்பியது. கல் கிடைக்காமல் பணி தள்ளிப்போனதும், கேரளக் குவாரிகள் போதாமல் தமிழகக் கல்லை நாடியதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு கடலையும் கரையையும் பற்றியது. குன்றுகளுக்காக வாதாட அந்த வழக்கில் இடமே இல்லை. இப்போது துறைமுகத்திலிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை வரப்போகிறது, அதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம்.

பாறைக்குன்றை வெறும் கல் என்று நினைப்பவர் மழைக்குப் பின் அதன் அடிவாரத்துக்குப் போனதில்லை. இடுக்கில் வேர்விட்ட கல்லித்தி, கொம்பன் ஆந்தை கூடு வைக்கும் விளிம்பு, கோடையிலும் அடிவாரக் கிணறு வற்றாமல் காக்கும் ஊற்று. இவற்றுக்கு ஈடாக வேறொரு கடற்கரையில் இத்தனை ஹெக்டேர் அலையாத்தி நட்டோம் என்பது கணக்கே அல்ல.

இதையெல்லாம் அளக்க முடியாது என்கிறார்கள் தொழில் கூட்டமைப்புக்காரர்கள். அளக்க மனமில்லை என்பதே உண்மை. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன சரக்குக் கப்பல் எம்எஸ்சி எல்சா-3 கவிழ்ந்து, அதன் பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைவரை ஒதுங்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதில் 8,626 கோடிக்கு மேல் சுற்றுச்சூழல் சேதத்துக்கு. சேதம் நடந்த பிறகு பைசா சுத்தமாகப் போட முடிகிற கணக்கை முன்கூட்டியே போடச் சொன்னால் மட்டும் கை வராதா?

சின்னக் குவாரிக்காரர் படிவம் நிரப்ப மாட்டார் என்பது அடுத்த சாக்கு. எல்லை தாண்டும் லோடுக்கு நடைச்சீட்டு இருக்கிறது. எந்தக் குவாரி, எவ்வளவு எடை என்பது அதிலேயே பதிவாகிறது. 2002 உயிரினப் பன்மைச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேடும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பதிலாக 2023 திருத்தத்தில் அந்தச் சட்டத்தின் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

செபி அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். கல், மணல், மண் மூன்றுக்கும் 2 சதவீத வரம்பு கூடாது. நடைச்சீட்டு எண்ணோடு, குவாரி இருக்கும் ஊராட்சியின் பதிவேட்டுப் பக்கமும் அறிக்கையில் அச்சாக வேண்டும். அது இல்லாத அறிக்கையை நம்பி ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யாதீர்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே மிச்சமிருக்கும் குன்றுகள், இன்னொரு அலைத்தடுப்புச் சுவர் வரை தாங்காது.