ஹாஸ்கேப் செடி: ஒத்தையா வாங்கினா வேஸ்ட்!

கனடா வீட்டுத் தோட்டங்களுக்கு ஹாஸ்கேப் பெர்ரி கச்சிதமான செடி. மைனஸ் 40 டிகிரி குளிரையும் தாங்கும். பூக்கள் மைனஸ் 7 டிகிரியிலும் கருகாது. ஆனா, ஒத்தைச் செடியா வாங்கி நட்டா காய்ப்பு பேருக்குத்தான். அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் பக்கத்தில் வேண்டும்.

இன்னொரு சிக்கல்: சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் 'டன்ட்ரா', 'போரியாலிஸ்' இரண்டும் நெருங்கிய சொந்தம். சொந்தத்துக்குள் ஜோடி சேர்த்தால் மகசூல் தேறாது. இவற்றுக்கு 'அரோரா' சரியான ஜோடி. தாமதமாகப் பூக்கும் 'போரியல் பியூட்டி'க்கு 'போரியல் பீஸ்ட்'.

இந்தப் பொருத்தத்தை நர்சரிகள் லேபிளிலேயே போட வேண்டும். வருஷக்கணக்கில் தண்ணி ஊத்தி வளர்த்தவருக்கு, குறை செடியில் இல்லை, ஜோடியில்தான் என்று கடைசியில் தெரியவருவது நியாயமே இல்லை.