செப்டிக் டேங்க் யார் பொறுப்பு? வாடகைச் சட்டம் எழுதாமல் விட்ட வரி

வாடகை வீட்டில் எது பழுதானால் யார் செலவு செய்ய வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது, தோழர்களே. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதன் இரண்டாவது அட்டவணை பராமரிப்பு வேலையை இரண்டாகப் பிரிக்கிறது.

கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை, கழிவுநீர் வடிகால் சுத்தம் இவை வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், நாமே செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். அறை எடுத்துத் தங்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

ஆனால் பூட்டு, கைப்பிடி, கொசுவலை வரை எண்ணி எழுதிய அந்த அட்டவணையில் செப்டிக் டேங்க் இல்லை. ஒரு வீட்டில் ஆளைக் கொல்லக்கூடிய பராமரிப்பு வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதைத்தான் யார் பெயரிலும் எழுதவில்லை.

எழுதாத வேலை யார் தலையில் விழும்? பெரம்பலூர் துறைமங்கலத்திலும் நான்கு ரோடு பக்கமும் மாணவர்கள் தங்கும் அறைகளைப் பாருங்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வரிசையில் ஐந்தாறு குடித்தனத்துக்கு ஒரே டேங்க். அது நிரம்பி வழியும்போது வீட்டுக்காரர் சொல்வார்: "உபயோகிக்கிறது நீங்க, நீங்கதான் பாத்துக்கணும்." குடியிருப்பவர் சொல்வார்: "டேங்க் உங்களது சார், நாங்க எப்படி?" இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: குறைந்த காசுக்கு ஒரு ஆளைக் கூப்பிடலாம். எந்தத் தெருவிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே வீட்டுக்காரரிடம் நம் பையன் ஒருவன் அறை கேட்டுப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? "எந்த ஊரு தம்பி? ஊர்ல எந்தத் தெரு?" என்று தொடங்கி, "சொந்தக்காரங்க வர்றாங்க, ரூம் இல்ல" என்று முடிந்திருக்கும். சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: தலித் என்றோ முஸ்லிம் என்றோ தெரிந்தால் வீடு மறுக்கப்படுகிறது, அல்லது கூடுதல் நிபந்தனையோடு கிடைக்கிறது. குடியிருக்கக் கேட்டால் சாதி பார்த்து மறுப்பார்கள். டேங்கில் இறக்க அதே சாதியைத் தேடிப் போவார்கள்.

இனி வாதத்துக்கு வருவோம். "உபயோகிப்பவர்தான் சுத்தம் செய்ய வேண்டும்" என்பது கேட்க நியாயம்போல இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதம். டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டியது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. அப்படியானால் உள்ளே இருப்பது இரண்டு மூன்று வாடகைதாரர்களின் கழிவு. நிரம்பும் மாதத்தில் யார் குடியிருக்கிறாரோ அவர் தலையில் மொத்தச் செலவையும் கட்டுவது எந்த நியாயம்? டேங்கின் அளவு, அதை எங்கே தோண்டுவது, லாரியின் குழாய் எட்டுமா, எத்தனை குடித்தனம் வைப்பது, எல்லாவற்றையும் முடிவு செய்தவர் உரிமையாளர். கூரை எப்படிக் கட்டடத்தின் பகுதியோ, டேங்கும் அப்படியே. கூரை அவர் பொறுப்பு என்றால் டேங்கும் அவர் பொறுப்புதான்.

"சந்து குறுகல், வண்டி வராது, அவசரம்" என்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியோ சாதனமோ இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றம் என்கிறது. நேரடியாக வைத்தாலும் குற்றம், மறைமுகமாக வைத்தாலும் குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவசரம் என்றாலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. 2023 அக்டோபரில் உயிரிழப்புக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியல் சாதியினர் ஒருவரை மலம் அள்ள வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

இவ்வளவு சட்டம் இருந்தும், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் பற்றி அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் தமிழ்நாடுதான் முதலிடம். 200 பேருக்கும் மேல். சமூகநீதி மண் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த மண்ணின் கணக்கு இது.

சாவு நடந்த பிறகு வழக்கு யார் மேல் என்று தேடுகிறார்கள். உரிமையாளர் வாடகைதாரரைக் காட்டுவார், வாடகைதாரர் உரிமையாளரைக் காட்டுவார், இருவரும் சேர்ந்து "அவனாத்தான் இறங்கினான்" என்று இறந்தவரையே காட்டுவார்கள். பொறுப்பை முன்கூட்டியே எழுதாமல் விட்டதன் பலன் இது. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் இந்த வாசல் அடைபடும்.

ஆகவே கோரிக்கை எளிமையானது. செப்டிக் டேங்க் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு, இயந்திரத்தால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்று தமிழக அரசு இரண்டாவது அட்டவணையைத் திருத்த வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. அறை எடுக்கும்போது இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் பொறுப்பும் செலவும் உரிமையாளருடையது. உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தி மூலம் மட்டுமே செய்யப்படும். எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது." டேங்க் நிரம்பினால் ஆளைத் தேடாதீர்கள், 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பக்கத்து வீட்டில் ஆள் இறங்குவதைப் பார்த்தால் வேடிக்கை பார்க்காமல் தடுத்து நிறுத்துங்கள், காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

வீடு கிடைப்பதே நமக்குப் போராட்டமாக இருக்கும்போது இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், தனியாகக் கேட்டால் அறை போய்விடும். அதனால்தான் சேர்ந்து கேட்க வேண்டும். ஒரு கல்லூரியில் படிக்கும் ஐம்பது பேர் ஒரே வரியோடு போய் நின்றால், வாடகையை நம்பி வீடு கட்டியவர் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவார்?

ஜெய் பீம்!