மூட்டுவாதமும் குடியானவர்களுக்குரிய அரசாங்க உதவியும்

ஐம்பது வயதைக் கடந்த குடியானவர்களுள் முழங்கால், இடுப்பு, விரல்கள் ஆகியவற்றில் வலியும் பிடிப்பும் இல்லாதவர் சிலரே. இதனை ‘வாதம்’ என்றும், ‘வயதின் கோளாறு’ என்றும் சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு பொறுத்திருப்பது கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. உழவு மாடு ஒன்று நொண்டினால் அன்றைக்கே கால்நடை வைத்தியரைத் தேடிச் செல்லும் குடும்பத்தார், வீட்டுப் பெரியவர் நொண்டுவதைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வழக்கத்தினால் இருவகை நஷ்டங்கள் ஏற்படுகின்றன. சிகிச்சை தாமதமாவது ஒன்று. சட்டப்படி பெறத்தக்க உதவி கேட்கப்படாமலே போவது மற்றொன்று. பின்னதைப் பற்றிக் கிராம அதிகாரிகளும் நிலச்சொந்தக்காரர்களும் சற்று ஆழ்ந்து சிந்திப்பது அவசியம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சட்டம் 2016-ம் ஆண்டு இந்தியப் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2017-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்தது. முந்திய 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டிருக்க, இச்சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. அப்பட்டியலில் மூட்டுவாதம் என்ற பெயர் காணப்படவில்லை. இதைக் கண்டு, ‘வாதக்காரருக்கு ஒன்றும் கிடையாது’ என்று சொல்லி அனுப்பிவிடுவோர் உண்டு. இது பெருந்தவறு. எலும்பு, மூட்டு, தசை, நரம்பு இவற்றின் கேட்டினால் ஒருவர் தாம் நடமாடவோ, பொருள்களை எடுத்து ஆளவோ இயலாமற்போவதைச் சட்டம் இயக்கக் குறைபாடு என்கிறது. கேடு எந்த நோயினால் வந்தது என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு இயக்கத்தைப் பறித்துவிட்டது என்பதே அங்குக் கணக்கிடப்படுகிறது.

மூட்டுவாதம் ஒரே நோயன்று. முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்து போவது ஒரு வகை. முடக்குவாதம் எனப்படுவது வேறு. அதில் உடலின் காப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. இரு கைகளிலும் விரல் மூட்டுக்கள் வீங்கி, காலையில் நெடுநேரம் விறைப்பாக இருக்கும். இது இளவயதினரையும் பிடிக்கும். ஆரம்பத்திலேயே தக்க மருந்து கொடுத்தால் விரல்கள் கோணாமற் காக்கலாம். ஆகையால் வைத்தியம் முதலாவது, சான்றிதழ் அடுத்தது. சிகிச்சைக்குப் பின்னும் நிலைத்துவிட்ட குறைபாடே சான்றிதழில் நிர்ணயிக்கப்படும். குறைபாடு கூடவோ குறையவோ இடமிருந்தால், இத்தனை காலம் வரை செல்லும் என்று குறித்தும் சான்றிதழ் வழங்கப்படுவதுண்டு.

மனுச்செய்வோர் முக்கியமாக அறிய வேண்டுவது அளவிடும் முறை. வலியின் கடுமையைச் சொல்லிவிட்டால் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். வைத்தியரோ, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலமிருக்கிறது, எச்செயல்கள் இயலவில்லை என்பவற்றையே பார்க்கிறார். 2018-ம் ஆண்டு அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு முறையில் (இது 2024-ல் திருத்தப்பட்டது), காலுக்கு உரிய சோதனைகளாகச் சமதரையில் நடத்தல், சரிவில் நடத்தல், படியேறுதல், நிற்றல், குந்தி உட்காருதல், சம்மணமிடுதல், மண்டியிடுதல், திரும்புதல் ஆகியவை கூறப்பட்டுள்ளன. கைக்கு உரியவையாகத் தலைக்குமேல் பொருளைத் தூக்குதல், கையால் உண்ணுதல், தலைவாருதல், சட்டை அணிதல், பொத்தான் மாட்டுதல், எழுதுதல் முதலியன உள்ளன.

இவை யாவும் வயல் வேலையோடு ஒட்டியவை. வரப்பில் ஏறி இறங்க முடியாமை சரிவில் நடக்க முடியாமையே. களையெடுக்க உட்கார முடியாமை குந்த முடியாமையே. அரிவாளின் பிடியை இறுக்க முடியாத கைதான் பொத்தானை மாட்டவும் திணறுகிறது. ஆகவே, ‘ரொம்ப வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலை எப்போதிலிருந்து நின்றுபோயிற்று, எந்த வேலைக்குப் பிறர் துணை வேண்டியிருக்கிறது என்பதைச் சாகுபடிக் கணக்கைப் போல் ஒரு மாதம் எழுதிவைத்து, சிகிச்சைச் சீட்டுகளோடும் எக்ஸ்ரே படங்களோடும் காட்டுவது நலம்.

குடியானவர்களிடம் உள்ள ஒரு குணம் இங்கு அவர்களுக்கே பாதகமாகிறது. வைத்தியர் முன்னிலையில் தளர்ச்சியைக் காட்டுவது மானக்குறைவு என்று கருதி, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்துவிடுகின்றனர். ‘ஏதோ நடமாடுகிறேன்’ என்று அடக்கமாகப் பதில் கூறுகின்றனர். அடக்கம் நல்ல குணமே. ஆயினும் சோதனைச் சாலையில் அது பொய்க்கணக்காக முடிகிறது. மருந்தைச் சோதனைக்காக நிறுத்துவதும் கூடாது. மருந்தோடு எவ்வளவு இயலுகிறது, மருந்தின் வேகம் தணிந்தபின் எப்படியிருக்கிறது என்பதை உள்ளபடி சொல்வதே முறை.

மனுவை ஸ்வாவலம்பன் என்னும் மத்திய அரசாங்க இணையதளத்தின் வழியாக, புகைப்படம், இருப்பிடச் சான்று, ஆதார் எண் ஆகியவற்றுடன் கொடுக்க வேண்டும். குறைபாடு நூற்றுக்கு 40 வீதத்திற்குக் குறையாதிருப்பின் பெரும்பாலான சலுகைகளுக்கு வாயில் திறக்கும். தமிழ்நாட்டு அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் மாத ஓய்வூதியம் 2023-ம் ஆண்டு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2009-ல் தொடங்கிய மத்திய அரசாங்க ஓய்வூதியத்திற்கோ 80 வீதக் குறைபாடும் வறுமை நிலையும் வேண்டும். ஓய்வூதியத்திற்கு வருமானமும் சொத்தும் பார்க்கப்படும். சான்றிதழுக்கு அவை பார்க்கப்படுவதில்லை. ஆதலால் நிலமுள்ளவர், ‘நமக்கு எதற்கு?’ என்று ஒதுங்குவது சரியன்று. சட்டத்தின் 37-வது பிரிவு, அரசாங்கத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது 5 வீதத்தை 40 வீதத்திற்குக் குறையாத குறைபாடுடையோருக்கென வைத்து, அவருள் பெண்களுக்கு முன்னுரிமை தரவேண்டுமென விதிக்கிறது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. வீதக் கணக்கு உறுப்பை அளக்கிறதேயன்றித் தொழிலை அளப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கு 30 வீதக் குறைபாடு பிழைப்பைக் கெடுக்காது. நடவு நடும் கூலிப் பெண்ணுக்கோ அதே 30 வீதம் அன்றாடக் கூலியையே பறித்துவிடும். உடலுழைப்பைத் தவிர வேறு ஜீவனமில்லாதவர்க்குத் தொழிலையும் சேர்த்து மதிப்பிடுவதே நியாயமாகும். அத்தகைய மாறுதல் ஏற்படும் வரை, இருக்கும் விதியின் பயனாவது முழுவதும் அவர்களுக்குச் சேருமாறு பார்ப்பது கிராமத்தாரின் கடமை.

இவ்விதம் ஊக்குவித்தால் பொய் மனுக்கள் பெருகுமென்று சிலர் அஞ்சுகின்றனர். மோசடியாகச் சலுகை பெறுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 91-வது பிரிவு இடந்தருகிறது. பொய்யரைத் தடுக்க அது இருக்கிறது. அந்த அச்சத்தினால் மெய்யான நோயாளியைத் திருப்பியனுப்புவது தர்மமாகாது. சோதிப்பது வைத்தியரின் வேலை. கிராம அதிகாரி செய்ய வேண்டுவது, மனுச்செய்யும் வழியைக் காட்டுவதே. தகுதியில்லை என்று வைத்திய அதிகாரி முடிவு செய்தால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அம்முடிவின்மீது அப்பீல் செய்துகொள்ள 59-வது பிரிவு உரிமையளிக்கிறது. வாய்மொழியாக ‘இல்லை’ என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடலாகாது.

நின்றுகொண்டே தள்ளும் களைக்கருவியும், தடித்த பிடியுள்ள அரிவாளும் மூட்டின் சிரமத்தைக் குறைக்கும். அவற்றை வாங்கித் தருவது நிலச்சொந்தக்காரருக்கும் லாபமே. ஆனால் தமது வயலில் இருபது, முப்பது ஆண்டுகள் குனிந்து உழைத்தவர் இனிக் குனிய முடியாத நிலையை அடையும்போது, அவரை மனுவுடன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது அதனினும் பெரிய உதவி. அறுவடை முடிந்த ஓய்வு நாட்களில், ஒவ்வொரு கிராமத்திலும் இத்தகையோர் யார் யார் என்று ஒரு ஜாபிதா தயாரித்து, அவர்களது மனுக்களை ஒன்றுசேர அனுப்பக் கிராம அதிகாரிகளும் பெருங்குடியானவர்களும் முன்வருவார்களாக.